பழைய மரச்சாமான் வாங்கிப் புதுப்பிப்பது: எதைப் பார்த்து வாங்குவது, எதைத் தொடாமல் விடுவது

புது வீட்டுக்குக் குடிபோகிறோம், பழைய சாப்பாட்டு மேசை, நாலு நாற்காலி, துணி அலமாரி, கிடைத்தால் ஒரு சோபா வாங்கி நாங்களே பெயிண்ட் அடித்துக்கொள்ளலாமா, பூச்சி வந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மேசை, நாற்காலி, அலமாரி மூன்றையும் தாராளமாக வாங்கலாம். சோபாவுக்குக் கொஞ்சம் பொறுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பெயிண்ட் அடிப்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துவிடாதீர்கள். பல வருடங்களாகப் பழைய மரச்சாமான்களைச் சரிசெய்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்பட்டது நன்றாக ஒரு துடைப்பும் ஆடுகிற காலுக்குக் கொஞ்சம் பசையும்தான்.

பார்க்கப் போகும்போது முன்பக்கத்தைக் கடைசியாகப் பாருங்கள். விற்பவர் துடைத்துப் படம் எடுப்பது அந்தப் பக்கத்தைத்தான். நீங்கள் டார்ச்சோடு போய் மேசைக்கு அடியில் குனியுங்கள், அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொல்லுங்கள், டிராயரை முழுதாக வெளியே எடுங்கள். கீறல், மங்கிய நிறம், டம்ளர் வைத்த வளையம், உடைந்த கைப்பிடி எல்லாம் சரிசெய்யக்கூடியவை. அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம். மூட்டில் மரமே பிளந்திருப்பது, சட்டம் முறுக்கிக்கொண்டிருப்பது, உளுத்துப்போயிருப்பது, தண்ணீரில் ஊறி உப்பியிருப்பது ஆகியவை அப்படியல்ல. இவற்றின்மேல் எந்தப் பூச்சு அடித்தாலும் நிற்காது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

என்ன மரம் என்பதைவிட, மரம்தானா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்பலகையின் ரேகையைக் கண்ணால் பின்தொடர்ந்து விளிம்புக்கு வாருங்கள். ஒரே மரமாக இருந்தால் மேலே ஓடுகிற ரேகை பலகையின் வெட்டு முனையிலும் தொடரும். மேலே அழகான ரேகையும் விளிம்பில் தனியாக ஒட்டிய பட்டையும் இருந்தால் அது வெனீர், அதாவது மெல்லிய மரத்தோல் ஒட்டிய பலகை. விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிவது பிளைவுட். மரச்சிராயை அமுக்கிச் செய்தது பார்ட்டிகிள் போர்டு. ரேகையே இல்லாமல் ஒரே சீராக இருப்பது எம்டிஎஃப், அதாவது மர நாரைப் பசையோடு அமுக்கிய பலகை. ரேகையின் ஒரு முடிச்சு கொஞ்ச தூரம் தள்ளி அச்சுப் பிசகாமல் மறுபடி வந்தால், அது மரமே இல்லை, அச்சடித்த மைக்கா அல்லது காகிதம்.

வெனீர் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். மிக உயர்ந்த பழைய சாமான்களிலும் அது உண்டு. ஆனால் இப்போது வருகிற வெனீரின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை மெஷின் வைத்துத் தேய்த்தால் சில நொடிகளில் அடிப்பலகை தெரிந்துவிடும், திரும்பப் போட வழியில்லை. பார்ட்டிகிள் போர்டில் பார்க்க வேண்டியது இரண்டே இடம். ஒன்று, தரை துடைக்கும் ஈரம் படுகிற அடிப்பாகம். ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. இன்னொன்று, கதவுக் கீல் இருக்கும் இடம். இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டியதில் திருகு பிடிப்பை இழந்திருக்கும். அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு இந்தப் பலகையில் செய்த அலமாரி வேண்டாம் என்பது என் கருத்து. அதே விலைக்கு, பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும் மரத்தாலோ நல்ல பிளைவுடாலோ ஆனது கிடைத்தால் அதை எடுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து இடவலமாகவும் முன்பின்னாகவும் அசைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம். பசை காய்ந்து விட்டிருக்கிறது, அவ்வளவுதான். பழைய தச்சர்கள் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினார்கள். விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த அந்தப் பசை, சூடும் ஈரமும் பட்டால் இளகும். அதனால் மூட்டைச் சேதமில்லாமல் பிரித்து மறுபடி ஒட்ட முடியும். எனக்குக் கவலை தருவது வேறு: ஆட்டத்தை நிறுத்த யாரோ பக்கவாட்டில் ஆணி அடித்திருப்பது. ஆணி அடித்த மூட்டுக்குள் மரம் பிளந்திருக்க வாய்ப்பு அதிகம், அதைப் பிரிப்பதும் கஷ்டம். டிராயரின் மூலையில் புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தால் நல்ல வேலை. பற்களின் இடைவெளி கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் கையால் வெட்டியது, அச்சு மாதிரி இருந்தால் மெஷினில் வெட்டியது. இரண்டும் உறுதியானவை. மூலையை ஸ்டேப்ளர் பின் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த டிராயர் கனமான பொருளைத் தாங்காது.

இனி பூச்சி. நீங்கள் பயப்படுவது நியாயம்தான், ஆனால் எல்லாப் பூச்சியும் ஒன்றல்ல. மரத்தில் ஊசி குத்தியது போல வட்டமான ஓட்டைகள் இருந்தால் அது உளு வண்டின் வேலை. அதன் புழு மரத்துக்குள் மாதக்கணக்கில், சில இனங்களில் வருடக்கணக்கில் தின்றுவிட்டு, வண்டாகி வெளியே வரும்போது போடுவதுதான் அந்த ஓட்டை. ஆகவே ஓட்டை சொல்வது போன கதை. இப்போது உள்ளே உயிர் இருக்கிறதா என்பதை ஓட்டையிலிருந்து உதிரும் தூள்தான் சொல்லும். தூளைத் தட்டி உதிர்த்துத் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புக் காகிதம் விரித்துச் சில வாரங்கள் விடுங்கள். புதிதாக மாவுபோல் வெளிர் தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. சந்தையில் நின்றுகொண்டு அவ்வளவு நாள் பார்க்க முடியாதே என்றால், ஸ்குரூ டிரைவர் முனையால் ஓட்டைகள் உள்ள இடத்தை அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே அமுங்கினால் விட்டுவிடுங்கள். மரம் கெட்டியாக இருந்தால் போரேட் கரைசல், அதாவது போராக்ஸ் வகை உப்பைத் தண்ணீரில் கரைத்த மருந்து, பூசிக் காப்பாற்றலாம். பாலிஷ் போட்ட பக்கத்தில் அது உள்ளே இறங்காது. பாலிஷ் இல்லாத அடிப்பக்கத்திலும் முதுகுப்பக்கத்திலும்தான் ஊறப் பூச வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபக்கம், அந்த எண்ணெய்ப் பிசுக்கின்மேல் பாலிஷும் பெயிண்டும் சரியாக ஒட்டாது என்பது இன்னொரு பக்கம். அதைச் செய்ய வேண்டாம்.

கரையானில் இரண்டு வகையைக் கவனியுங்கள். மண்ணிலிருந்து ஏறி வருவது மண்கோடு போட்டிருக்கும். அதற்கு மண்ணின் ஈரம் வேண்டும், சாமானைப் பிரித்தெடுத்துக் காயவைத்தால் பெரும்பாலும் பிழைக்காது. காய்ந்த மரத்திலேயே குடியிருக்கும் வகைதான் ஆபத்து. அது மண்கோடு போடாது. அதன் எச்சம் மணல்போல் குவிந்து கிடக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு துகளும் ஆறு பட்டையாக, ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அலமாரியின் அடியில் அந்தக் குவியலைப் பார்த்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

சோபாவை ஏன் பொறுக்கச் சொன்னேன் என்றால், மூட்டைப்பூச்சி. இரத்தம் குடிக்காமலேயே அது பல மாதங்கள் உயிரோடு இருக்கும், அதனால் சும்மா போட்டு வைத்த சோபா என்பது பாதுகாப்பு ஆகாது. தையல் மடிப்பு, மெத்தைக்கு அடியில் இருக்கும் விளிம்பு, சோபாவைத் தலைகீழாகப் புரட்டினால் தெரியும் மெல்லிய அடித்துணியின் ஓரம் ஆகியவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். பேனா மை சிந்தியது போன்ற கரும்புள்ளிகள், உரித்துப்போட்ட தோல், வெள்ளை முட்டைகள் இவையே அடையாளம். வெயிலில் போட்டால் மேல்துணிதான் சூடாகும், பூச்சி உள்ளே போய்விடும். 50 டிகிரி செல்சியஸ் சூடு சட்டத்தின் உள்வரை போய் நின்றால்தான் முட்டையும் சாகும். வீட்டில் அதைச் செய்வது சாத்தியமில்லை. தெருவோரம் வீசிய சோபாவை எடுக்கவே கூடாது. தெரிந்தவர் வீட்டு சோபா, பூச்சி இல்லை, ஆனால் துணி கிழிந்திருக்கிறது என்றால் சட்டத்தைச் சோதியுங்கள். முன்கால் ஒன்றை ஒரு சாண் உயரம் தூக்குங்கள். மற்ற முன்காலும் கூடவே எழும்பினால் சட்டம் உறுதி. எழும்பாமல் சோபா முறுக்கினால் உள்ளே மூட்டு விட்டிருக்கிறது. துணி, ஃபோம், கூலி மூன்றையும் விசாரித்து, வாங்கும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேரம் பேசுங்கள். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்குப் பத்து மீட்டருக்கு மேல்கூடத் துணி பிடிக்கும். பல நேரங்களில் மொத்தச் செலவு புது சோபா விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அளவையும் அங்கேயே எடுத்துவிடுங்கள். சாப்பாட்டு மேசை பொதுவாக 75 செ.மீ. உயரம், நாற்காலியின் இருக்கை 45 செ.மீ. மேசையை ஓரிடத்திலும் நாற்காலியை வேறிடத்திலும் வாங்கினால் இருக்கைக்கும் மேசைக்கும் இடையே 25 முதல் 30 செ.மீ. இருக்கும்படி பாருங்கள். வீட்டுக் கதவு, மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் ஆகியவற்றின் அளவைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், பொருளை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள், விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

வீட்டில் குழந்தை இருந்தால் இரண்டு விஷயங்களில் சமாதானமே கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். இந்தியாவில் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வயது தெரியாத, பெயிண்ட் அடித்த சாமானை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசியை மூச்சில் இழுப்பதும், தரையில் படிந்து குழந்தையின் கைவழி வாய்க்குப் போவதும்தான் ஆபத்து. பெயிண்ட் உரிந்துகொண்டிருந்தால் வாங்காமல் விடுவதே நல்லது. இரண்டாவது, பழைய தொட்டில்கட்டில். பக்கச்சட்டம் கீழே இறங்கும் வகையை அமெரிக்கா 2011இல் தடை செய்தது, சட்டம் கழன்று குழந்தைகள் சிக்கி இறந்ததால். கம்பிகளுக்கு இடையே ஏறத்தாழ 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தாலும் வேண்டாம்.

சரி, வாங்கி வந்தாயிற்று. நேராக அறைக்குள் வைக்காமல் பால்கனியிலோ வராந்தாவிலோ சில நாள் வையுங்கள். மூலை முடுக்கெல்லாம் வாக்குவம் பிடியுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் நிற்கவே கூடாது. அதற்கும் போகாத பிசுக்கு பழைய மெழுகும் கை எண்ணெயும் சேர்ந்தது. அதை டர்பன்டைன் தொட்ட துணி எடுத்துவிடும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கறுத்துப்போன மரம் என்று நினைத்தது வெறும் அழுக்கு என்பது இந்த நேரத்தில்தான் தெரியவரும். இதைச் செய்வதற்கு முன் உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள்.

அடுத்து, மேலே இருப்பது என்ன பூச்சு என்று பாருங்கள். கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் (எரிசாராயம்) தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ், அரக்குப் பூச்சி சுரப்பதை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வது. ஸ்பிரிட்டுக்கு அசையாமல், லேக்கரை நீர்க்கச் செய்யும் தின்னருக்கு இளகினால் அது லேக்கர் என்ற பூச்சு. இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் பூச்சு. இதைத் தெரிந்துகொள்வது உங்கள் உழைப்பைப் பாதியாகக் குறைக்கும். அரக்கில் புதிதாகப் பூசுவது பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும், அதனால் பழையதைச் சுரண்டவே தேவையில்லை. சுத்தம் செய்து, மெழுகை எடுத்து, மேலேயே இரண்டு மூன்று முறை மெலிதாகப் பூசினால் போதும். பாலியூரித்தேன் அப்படி ஒன்றாகாது. லேசாக உரசிச் சொரசொரப்பாக்கினால்தான் மேல்பூச்சு பிடிக்கும்.

டம்ளர் வளையத்தின் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளை என்றால் ஈரம் பூச்சுக்குள் மாட்டியிருக்கிறது, மரத்துக்குப் போகவில்லை. அரக்குப் பாலிஷாக இருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் மேலோட்டமாக, நிற்காமல் ஒரு வீச்சு துடைத்தாலே பெரும்பாலும் போய்விடும். கறுப்பு என்றால் தண்ணீர் மரம்வரை இறங்கி, இரும்போடு சேர்ந்து கறையாகிவிட்டது. அதற்குப் பூச்சை எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் போட வேண்டும். அது நச்சு. கையுறை, கண்ணாடி கட்டாயம், முடிந்ததும் பல முறை தண்ணீரால் துடைக்க வேண்டும், காய்ந்த தூளைத் தேய்க்கக் கூடாது.

ஆடும் நாற்காலியைப் பூச்சு வேலைக்கு முன்பே பிரித்து ஒட்டுங்கள். எந்தக் கால் எங்கே என்று டேப்பில் எண் எழுதி ஒட்டிவிட்டுப் பிரியுங்கள். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும், இதுதான் முக்கியம். வெள்ளைப் பசை வெறும் மரத்தில்தான் பிடிக்கும், காய்ந்த பசையின்மேல் பிடிக்காது. பூசி, இறுக்கி, ஒரு முழு நாள் விடுங்கள். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லையென்றால் நான்கு கால்களையும் சுற்றிக் கயிறு கட்டி, குச்சி செருகி முறுக்கலாம். ஒட்டும்போது நாற்காலி சமதரையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கால் குட்டையாக நிற்கும். மரத்தில் திருகு ஓட்டை பெருத்திருந்தால் பசை தொட்ட மரக்குச்சிகளை ஓட்டைக்குள் நெருக்கிச் செருகி, காய்ந்ததும் வெட்டிவிட்டுத் திருகுங்கள். டிராயர் சிக்கினால் ஓடும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். பிரம்பு பின்னிய இருக்கை தொங்கினால், அறுந்திருக்காத வரை, அடிப்பக்கத்தைச் சுடுதண்ணீரால் நனைத்துக் காயவிடுங்கள், பிரம்பு சுருங்கி இறுகும்.

பெயிண்ட் பற்றி. நல்ல தேக்கும் ஈட்டி மரமும் வெள்ளைப் பெயிண்டுக்குள் போவதைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்காது. பெயிண்ட் மரத்தின் நுண்துளைகளில் இறங்கிவிடும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் முழுதாக வராது. ஆனால் எம்டிஎஃப், வெனீர் பெயர்ந்த அலமாரி, ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகள் இவற்றுக்குப் பெயிண்ட் நல்ல தீர்வு. எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்து, 180 அல்லது 220 எண் உப்புத்தாளால் ரேகையோடு லேசாக உரசி, பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சான பிரைமர் போட்டு, பெயிண்டை இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகப் போடுங்கள். சிவந்த மரமாக இருந்தால் அதன் சாயம் வெளிர் பெயிண்டில் மஞ்சளாகக் கசியும். அதைத் தடுக்க அரக்கால் ஆன பிரைமர் வேண்டும். தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சில மணிநேரத்தில் காயும், ஆனால் தண்ணீர்ப் பெயிண்ட் முழுதாக இறுக மூன்று நான்கு வாரம்கூட ஆகும். அதற்குள் மேலே பாத்திரமும் பூச்சட்டியும் வைத்தால் தடம் பதிந்துவிடும். புதுக் கைப்பிடி வாங்குவதாக இருந்தால் இரண்டு திருகு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்து வாங்குங்கள். 96, 128 மி.மீ. என்பவை வழக்கமான அளவுகள். பழைய பித்தளைக் கைப்பிடி நன்றாக இருந்தால் மாற்றவே வேண்டாம்.

பழைய பெயிண்டை எடுக்கும் திரவம் வாங்கினால் டப்பாவைப் படியுங்கள். மெத்திலீன் குளோரைடு இருந்தால் வேண்டாம். மூடிய அறைகளில் அதன் ஆவியால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு விற்பதை அமெரிக்கா 2019இல் தடை செய்தது. ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போட்டால், காயும்போது எழும் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிட்டு, பிறகு எறியுங்கள். இதை அலட்சியம் செய்யவே செய்யாதீர்கள்.

துணி அலமாரியின் உள்ளே பழைய நாற்றம் இருந்தால் துடைத்து, கதவைத் திறந்தபடி காற்றோட்டத்தில் பல நாள் விடுங்கள். அதற்கும் போகாவிட்டால் உள்பக்கப் பலகைகளில் அரக்குப் பாலிஷ் ஒரு பூச்சு கொடுங்கள், வாசனையை அது உள்ளேயே அடைத்துவிடும். உள்ளே எண்ணெய் மட்டும் பூசாதீர்கள், மூடிய இடத்தில் அதன் வாடை மாதக்கணக்கில் துணியில் ஏறும். அலமாரியை இடத்தில் நிறுத்தியதும், துணி அடுக்கும் முன், அதன் மேல்பகுதியைச் சுவரோடு இரும்புத் துண்டு வைத்துத் திருகிவிடுங்கள். குழந்தை டிராயரைப் படியாக நினைத்து ஏறினால் உயரமான எந்த அலமாரியும் கவிழும். வாடகை வீடு என்றால் சுவரில் இரண்டு ஓட்டைக்கு வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.